ஐம்பதாவது பெட்டி

நம் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், நமக்கு ஆங்கிலம் படிப்பித்த இங்கிலீஷ் சேர் காலமான செய்தி வந்தபோது ரொறன்ரோவில் இரவு பதினொரு மணி. அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தேன். ஒன்றை எனக்குக் காட்டித்தந்தவர் சேர். மற்றதைப் பற்றி நான் அவருக்கு ஒரு கடிதம் எழுதுவதாக இருந்தேன்.

1980, நாம் பத்தாம் வகுப்பு. சேர் பாடத்தை இருபது நிமிடம் முன்னதாக முடித்துவிட்டு, வீரகேசரித் தாளில் உறை போட்ட அந்தப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுப்பார். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய 'டிராகுலா'. ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசித்து, அதைத் தமிழில் கதையாகச் சொல்லுவார். முதல் பக்கத்திலேயே வியன்னாவுக்குப் போகும் ரயில், நம் பேச்சில் கோச்சி, ஒரு மணித்தியாலம் தாமதம். இலங்கை மலையகத்தின் ஹட்டன் ஸ்டேஷனில் காத்துக் கிடந்து வளர்ந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "பேய்க்கதையை ஏன் கோச்சி நேரத்தில் தொடங்குகிறான்?" என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "நம்ப முடியாததைச் சொல்லப் போகிறவன் முதலில் நாலு நம்பக்கூடிய விஷயத்தைச் சொல்ல வேண்டும்."

பேய் நமக்குப் புதிதில்லை. தேயிலை ஃபேக்டரியில் காவல் தெய்வம் ரோதைமுனிக்குச் சேவல் அறுப்பதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கு வந்தவர்கள் நாம். ஆனால் அந்த மழைநாளில் பட்ட பயம் வேறு. தகரக் கூரையில் மழை கொட்ட, சேரின் குரல் முதல் வாங்குக்கே எட்டவில்லை. அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பினார். ஈரத்தில் வெண்கட்டி இரண்டு தடவை உடைந்தது. ஒவ்வொரு சொல்லாக எழுதினார். புயலில் ஒரு கப்பல் கரைக்கு வருகிறது. தளத்தில் ஆள் இல்லை. சுக்கானைப் பிடித்தபடி ஒருவன் நிற்கிறான். அவன் கைகள் சுக்கானோடு கட்டப்பட்டிருக்கின்றன. அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தோம். 'அவன் பிணம்' என்று எழுதிவிட்டு வெண்கட்டியைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. நாற்பது பேரில் ஒருவரும் அசையவில்லை.

கதை முடிந்த அன்று ஒரு வேலை தந்தார். நாவலின் கடைசிக் குறிப்பில் ஏழு வருடம் கழிந்துவிடுகிறது; டிராகுலாவை எதிர்த்து நின்ற மீனாவுக்கும் ஜொனதனுக்கும் ஒரு மகன் இருக்கிறான். "அதற்குப் பிறகு என்ன? எழுதிக்கொண்டு வாருங்கள்."

நான் பதினொரு பக்கம் எழுதினேன். டிராகுலா பிரபுவை உயிரோடு எழுப்பினேன். ஜொனதனைக் குடிகாரனாக்கினேன். டிராகுலாவை வேட்டையாடிய கிழவர் வான் ஹெல்சிங்கை இரண்டாம் பக்கத்திலேயே கொன்றேன். சேர் என்னை முன்னால் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பாராட்டப் போகிறார் என்று நினைத்துச் சத்தமாக வாசித்தேன். நான்காம் பக்கத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, செத்தவனை எழுப்பிவிட்டாய், சரி. அதற்காக இருந்தவர்களை எல்லாம் ஏன் சாகடித்தாய்? இந்த ஆட்களை உனக்குத் தெரியவே தெரியாது."

அவ்வளவுதான். அடிக்கவில்லை, ஏசவில்லை. வாங்கில் வந்து உட்கார்ந்தபோது காதெல்லாம் எரிந்தது. அவர் என் பக்கத்தில் இருந்தவனுடைய கொப்பியை எடுத்தார்.

கொட்டகலைப் பக்கத் தோட்டத்துப் பையன், நம் எல்லோருக்கும் தெரிந்தவன். அவன் எழுதியிருந்தது ஒன்றரைப் பக்கம். டிராகுலா தன் சொந்த மண்ணை ஐம்பது பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்கு வருகிறான் அல்லவா? அந்த மண் இல்லாமல் அவனுக்குத் தூக்கமில்லை. நாற்பத்தொன்பது பெட்டிகளை எதிரிகள் கெடுத்துவிட, மிச்சமிருந்த ஒன்றோடு ஓடுகிறான். தோட்டத்துப் பையனோ டிராகுலாவை விட்டுவிட்டு, பெட்டிகளைச் சுமந்த வண்டிக்காரர்களில் ஒருவனுடைய மகனைப் பிடித்தான். 'மண்ணை எடுத்துக்கொண்டு போகிறவனைப் பார்த்து ஏன் அப்பா பயப்படுகிறார்கள்?' என்று அந்தப் பிள்ளை கேட்கிறது. சேர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மணி அடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவன் வீட்டுக்கு இந்தியப் பாஸ்போட் வந்து சேர்ந்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தம் இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அந்தக் கணக்கில் அவன் வீட்டில் ஆறு பேர். இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போக அவர்கள் கோச்சி ஏறிய அன்று நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் தள்ளி நின்று பெட்டிகளை எண்ணினேன். தகரப் பெட்டி மூன்று, சாக்கு இரண்டு. அவன் கதை என் கதையைவிட நன்றாயிருந்தது என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அவனோடு பேசாமலே அனுப்பிவிட்டேன்.

2009இல் 'டிராகுலா தி அன்டெட்' வந்தது. எழுதியவர்கள் இயன் ஹோல்ட் என்பவரும், ஸ்டோக்கரின் அண்ணன் தம்பி வழிக் கொள்ளுப்பேரன் டேக்கர் ஸ்டோக்கரும். குடும்பத்தாரே எழுதியது என்று ஆசையாக வாங்கினேன். கதை நடப்பது 1912இல். அன்று டிராகுலாவை எதிர்த்தவர்களில் ஒருவரான டாக்டர் செவார்ட் மோர்பினுக்கு அடிமை. ஜொனதன் குடிகாரன். பழைய கூட்டம் ஒவ்வொருவராகச் சாகிறது. வில்லத்தனமெல்லாம் எலிசபெத் பாத்தரி என்ற சீமாட்டிக்கு. டிராகுலா ஏறக்குறைய நல்லவன். அந்த மகன்கூட ஜொனதனுக்குப் பிறந்தவன் இல்லையாம். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அதைவிடப் பெரிய ஏமாற்றம் வேறு. முதல் நாவல் முழுக்க நாட்குறிப்பும் கடிதமும் தந்தியும் பத்திரிகைத் துணுக்கும்தான். எழுதுகிற ஆளுக்கு நாளைக்கு உயிரோடு இருப்பேனா என்பது தெரியாது. டிராகுலா தன் கதையைத் தானே சொல்வதில்லை. பாதிக்கு மேல் கண்ணிலேயே படுவதில்லை. பயம் அதனால்தான் வந்தது. புதியவர்கள் அந்த வடிவத்தையே விட்டுவிட்டு, எல்லாம் தெரிந்த ஒருவர் கதை சொல்வதாக எழுதினார்கள். எல்லாம் தெரிந்தவர் சொன்னால் யாருக்குப் பயம் வரும்? கரும்பலகையில் சேர் அடுத்த சொல்லை எழுதாமல் நின்ற அந்த நொடி இதில் எங்குமே இல்லை.

அவர் அன்று சொன்னது என் பதினொரு பக்கத்துக்கு மட்டுமில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று உடனே தாளை எடுத்தேன். 'அன்புள்ள சேர்' என்று தொடங்கி நாலு வரி எழுதினேன். அதற்கு மேல் போகவில்லை. புத்தகத்தைப் பற்றி எழுதுவதற்கு முன் இத்தனை வருடம் ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டு தடவை கொழும்புவரை வந்தேன். கலியாணம், காணி அலுவல், பிறகு விமானம். ஹட்டனுக்கு ஒரு கோச்சி ஏறியிருந்தால் அன்று பின்னேரமே அவர் வீட்டு வாசலில் நின்றிருப்பேன்.

அந்தத் தாள் இன்னும் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். நாலாவது வரி இது: 'சேர், அவனுடைய கொப்பியை நீங்கள்தான் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.'

அவன் கூடலூர்ப் பக்கம் குடியேறியதாக யாரோ சொன்னார்கள். விலாசமோ தொலைபேசி எண்ணோ உங்களில் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள். சேர் வீட்டாரிடம் அந்தக் கொப்பியைப் பற்றியும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். இந்தத் தடவை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.