ஆயா கட்டிய துணி

"நீங்க கையுறை போட்டா வைத்தியம். நான் துணி கட்டினா பாவமா?"

நான் தென்னாப்பிரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்குவது என் தொழில். என்னிடம் வந்த ஒரு பையனின் ஆயா இதைக் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபம். கத்துகிற உறவினர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, குரலைத் தணித்துப் பேசிச் சமாளிக்க எங்கள் எல்லோருக்கும் தெரியும். இவரோ, ஒரே சாமானுக்குப் பக்கத்துக் கடையில் ஏன் வேறு விலை என்று விசாரிப்பது போல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

பையனுக்கு ஐந்து வயது. வலது பக்கம் பாதித்த செரிப்ரல் பால்ஸி, அதாவது மூளைப் பாதிப்பால் வரும் அசைவுக் குறைபாடு. வலது கை அசையும், பொருளைப் பிடிக்கும், விடுவதுதான் கஷ்டம். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்ளும். இடது கை மகா கெட்டிக்காரக் கை. எல்லாவற்றையும் அதுவே முந்திக்கொண்டு செய்துவிடும், வலதுக்கு வேலையே வராது. நல்ல கைக்கு மெத்தென்ற கையுறை ஒன்றைப் போட்டுவிட்டு, தினமும் இரண்டு மணி நேரம் விளையாட்டாக வலது கைக்கு வேலை கொடுக்கலாம் என்று அவனுடைய அம்மாவிடம் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பகலில் பையனைப் பார்த்துக்கொள்வது அப்பாவைப் பெற்ற ஆயா. அதனால் அவருக்காகத் தமிழில் ஒரு தடவை சொன்னேன்.

"இதத்தானே மா நான் செய்யுறேன்," என்றார்.

பழைய சேலையில் கிழித்த துணியால், சாப்பாட்டு வேளையில் பையனின் இடது கையை நாற்காலிச் சட்டத்தோடு கட்டிவிடுவாராம். தட்டை வலது பக்கமாகத் தள்ளி வைப்பாராம். பையன் முதலில் அழுவான், அப்புறம் சாப்பிடுவான். "அப்படிச் செய்யக் கூடாது ஆயா," என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

காரணம் சொன்னேன். பசியோடு இருக்கிற குழந்தையை அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றேன். "பசிச்சாத்தானே கை போகும்?" என்றார். கையுறையைப் பையனே கழற்றிவிடலாம், துணியை அவனால் அவிழ்க்க முடியாது என்றேன். "அவன் கேட்டா அவுத்துடுவேன்," என்றார். அப்புறம், நீங்கள் சொல்வது இரண்டு மணி நேரம், நான் கட்டுவது அரை மணி நேரம்கூட இல்லை என்று கணக்கையும் சொல்லி முடித்துவிட்டார். மருமகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என்ன பேச்சு என்று கேட்டபோது, கட்ட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இந்தச் சிகிச்சையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு ஆயாவின் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்று புரியும். எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் தொடங்கியது இது. ஒரு கையின் உணர்வு நரம்புகளைத் துண்டித்தால், அந்தக் கை அசையக்கூடியதாக இருந்தும் குரங்கு அதைப் பயன்படுத்துவதில்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டால் பயன்படுத்தத் தொடங்குகிறது. பிறகு பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கு, அப்புறம் குழந்தைகளுக்கு. 2004இல் டாப் குழுவினர் வெளியிட்ட குழந்தைகள் ஆய்வில் நல்ல கைக்கு 21 நாள் கட்டு போட்டு, நாளுக்கு 6 மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். மெத்தென்ற கையுறை என்று நான் சொன்னேனே, அது பின்னால் வந்த இளகிய வடிவம். நல்ல கையைக் கட்டிவைத்துச் சிற்றுண்டி சாப்பிடச் சொல்வதும் இந்தப் பயிற்சியில் நடக்கிற ஒன்றுதான். இதையெல்லாம் நான் ஆயாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும், அவர் பக்கம்.

ஆனாலும் நான் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நாற்காலியோடு கட்டப்பட்ட குழந்தை சாய்ந்து விழுந்தால் ஊன்றிக்கொள்ள இருக்கும் ஒரே கையும் இல்லை. அழுதுகொண்டே சோற்றை விழுங்கினால் புரை ஏறும். எல்லாவற்றையும் விட, கட்டைவிரல் மடங்கிய கையால் குழைந்த சோற்றை எடுப்பது அவனுடைய கைக்கு மிகக் கடினமான வேலை. எடுத்ததில் பாதி உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கவளத்திலும் தோற்கிற கை, தான் உதவாத கை என்பதைத்தான் கற்றுக்கொள்ளும். நாங்கள் கையுறை போடும்போது முதலில் கொடுப்பது, பத்தில் எட்டு தடவை ஜெயிக்கிற மாதிரி வேலை. அதுதான் வித்தியாசம்.

இவ்வளவு தெளிவான பதில் அன்றைக்கு வாயில் வரவில்லை. அவர்கள் போனபின் காரில் உட்கார்ந்து யோசித்தபோது வந்தது. பிறகு யோசித்து வருகிற காரணம் உண்மையான காரணமா, ஏற்கெனவே எடுத்த முடிவுக்குத் தேடிப் பிடித்த காரணமா என்று எனக்கே சந்தேகம் வருவதுண்டு. அன்று என்னை "கூடாது" என்று சொல்லவைத்தது புரையேறலும் இல்லை, கை அசைவைக் கற்கும் விதமும் இல்லை. "கட்டுவேன்" என்று அவர் சொன்ன விதம். அதில் இருந்த சாதாரணம்.

உடன் வேலை செய்யும் ஜூலு தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னேன். "ஜூலு மக்கள் வாழும் உம்லாசியிலிருந்து வரும் ஒரு கோகோ, அதாவது எங்கள் பாட்டி ஒருத்தி, பேரனை நாற்காலியில் கட்டுகிறேன் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் உன்னிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டாள். 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் குழந்தைகள் சட்டத்தில் 110ஆம் பிரிவு எங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது; காயம் உண்டாக்கும் துன்புறுத்தல், வேண்டுமென்றே புறக்கணித்தல் போன்றவை நடந்திருக்கின்றன என்ற முடிவுக்கு நியாயமான காரணங்களோடு வந்தால் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் புகார் செய்தே ஆக வேண்டும். இங்கே உடலில் காயம் இல்லை, வேண்டுமென்றே புறக்கணிப்பதும் இல்லை, எனவே அந்தப் பிரிவு இதற்குப் பொருந்தாது என்று அவளுக்கு விளக்கினேன். அவளும் ஒப்புக்கொண்டாள். ஆனால் அவள் கேட்டது சட்டத்தைப் பற்றி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். இந்த ஆயா டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்து, நிறவெறி ஆட்சியில், அறுபதுகளில், இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு விரட்டப்பட்டவர்களில் ஒருவர். என்னை வளர்த்த ஆயாவும் அதே வரிசை வீடுகளிலிருந்து வந்தவர். என்னால் அவரைப் படிவத்தில் நிரப்பும் பெயராக நினைக்கவே முடியவில்லை. இது பரிவா, சலுகையா? நாளுக்கு ஒரு விதமாகத் தோன்றுகிறது.

அந்த அறையில் பேசாமல் விட்ட விஷயம் வேறு ஒன்றும் இருந்தது. ஆயாவுக்கு வேண்டியது வலது கையால் சாப்பிடுகிற பேரன். எனக்கு வேண்டியது பிடித்துக்கொடுக்கிற வலது கை. தட்டை அசையாமல் வைத்துக்கொள்ள, காகிதத்தை அழுத்திப் பிடிக்க. உதவிக் கை என்று நாங்கள் சொல்வது. இந்த அளவு பாதிப்பு உள்ள குழந்தைக்கு வலது கை முதல் கையாக மாறப்போவதில்லை. வாழ்நாள் முழுக்க அவன் இடது கையால்தான் சாப்பிடுவான். இதை யாராவது ஆயாவிடம் சொல்லியாக வேண்டும். கடைசியில் நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "கோயில்ல பிரசாதம் எந்தக் கையில வாங்குவான்?" என்றார்.

"ரெண்டு கையையும் சேத்து ஏந்தி வாங்கட்டும் ஆயா. அதானே மரியாதை?"

சொன்னவுடன் எனக்கே பிடித்துப்போன பதில் அது. வலது கை மேலே, இடது கை கீழே, விரல்கள் விரிந்து, மணிக்கட்டு திரும்பி. ஒரு தெரபிஸ்ட் கேட்கிற எல்லாமே அந்த ஏந்தலில் இருக்கிறது. ஆயாவும் தலையசைத்தார். இருந்தாலும் அவர் கேட்டது முக்கியமாகச் சாப்பாட்டைப் பற்றி. நான் பிரசாதத்துக்குப் பதில் சொல்லி நழுவிக்கொண்டேனோ என்னவோ.

சரி, கையுறைத் திட்டத்தை அன்றே கைவிட்டேன். கட்டுவது தவறு என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் கையுறையை நீட்ட எனக்கு முகமில்லை. தோல்வி என்று இதைச் சொல்ல மாட்டேன், மாற்று வழி நல்ல வழி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கார்டன் குழுவினர் இரண்டு கைகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் தீவிரப் பயிற்சியை உருவாக்கினார்கள். 2011இல் வெளியான அவர்களுடைய ஒப்பீட்டில் ஒரு குழுவுக்குக் கை கட்டும் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு இரு கைப் பயிற்சி, இருவருக்கும் 90 மணி நேரம். முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். முறையை விட நேரம் முக்கியம் என்று பலரும் இதைப் படிக்கிறார்கள்.

சூட்சுமம், ஒரு கையால் செய்யவே முடியாத வேலையைத் தேர்ந்தெடுப்பது. "வலது கையைப் பயன்படுத்து" என்று வாயால் சொல்லவே கூடாது. வேலை சொல்ல வேண்டும். ரொட்டி உருண்டையை உருட்டுக்கட்டையால் தேய்ப்பது, பட்டாணி உரிப்பது, மீலியை, அதாவது மக்காச்சோளக் கதிரை, ஒரு கையால் பிடித்து மறு கையால் மணி உதிர்ப்பது. துணி காயப்போடும்போது நனைந்த சட்டையை வலது கை பிடிக்க, இடது கை கிளிப் மாட்டும். செவ்வந்திப் பூவைத் தடித்த கம்பளி நூலில் கோர்ப்பது. ஊசி வேண்டாம், நூல் முனையில் டேப் சுற்றினால் போதும். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ இருக்கிறதே, அதைப் போல ஒரு பயிற்சிச் சாதனத்தை எந்த கம்பெனியும் செய்து விற்க முடியாது. ரொட்டிக் கூட்டை ஒரு கை பிடிக்காவிட்டால் குழம்பு மடியில்தான். இணையத்தில் குவிந்து கிடக்கும் வண்ணப் பயிற்சித் தாள்களை எனக்கு அவ்வளவு பிடிக்காது. தெரபிஸ்டின் சுவருக்கு அழகு, அவ்வளவே. எங்கள் அலமாரியில் இருப்பதைவிட நல்ல சாமான்கள் ஆயாவின் சமையலறையில் இருந்தன.

ஆனால் நேரம்தான் முக்கியம் என்றால், கணக்கு எனக்கு எதிராகத் திரும்புகிறது. நான் அவனைப் பார்ப்பது மாதத்துக்கு ஒரு முறை. 90 மணி நேரத்தை மாதத்துக்கு முக்கால் மணி நேரமாகக் கொடுத்தால் பத்து வருஷம் ஆகும், பையனுக்குப் பதினைந்து வயதாகிவிடும். அந்த நேரத்தைக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் ஆயா. மூன்று வேளைச் சாப்பாடு, தினமும், விடாமல். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர் அந்த அளவுக்கு வந்து சேர்ந்திருந்தார். நான் அதை நிறுத்தச் சொன்னேன்.

அடுத்தடுத்த வருகைகளில் கை முன்னேறியது. கிண்ணத்தைப் பிடித்தான், மூடியை அழுத்திப் பிடித்துத் திறந்தான். துணியை விட்டுவிட்டதாக ஆயா சொன்னார். நம்பினேன். அதாவது, மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒரு நாள் மாவு சிந்தியதைத் துடைக்க மேசை ஓரத்திலிருந்து துணியை எடுத்தேன். பையன் சட்டென்று இடது கையை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆயா சிரித்தார். "பாத்தியா மா, துணியப் பாத்ததும் வலது கைய நீட்டுறான்!" உண்மையாகவே நீட்டியிருந்தான், விரல்கள் விரிந்தபடி, அதுவரை நான் பார்த்திராத அளவுக்கு நன்றாக.

இந்த ஆண்டு அவன் சிறப்புப் பள்ளிக்குப் போகிறான். அங்கே ஒரு தெரபிஸ்ட் இருக்கிறார். எதிர்பார்த்தபடியே, கையுறை முறையைத் தொடங்கலாமா என்று யோசிப்பதாகக் குறிப்பு அனுப்பி, பழைய சிகிச்சை விவரம் கேட்டிருந்தார். இரு கைப் பயிற்சி, வீட்டுச் செயல்கள், குடும்பத்தின் ஒத்துழைப்பு மிக நன்று என்று எழுதினேன். துணியைப் பற்றி எழுதவில்லை. கோப்பில் ஏறினால் அது எப்போதும் ஆயாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சூழ்நிலை தெரியாதவர்கள் படிப்பார்கள். அதே சமயம், கையுறையை எடுத்ததும் பையன் கையை ஒளித்தால் அந்தப் பள்ளித் தெரபிஸ்டுக்கு ஏன் என்று விளங்காது. போன் செய்தால் சொல்லலாம் என்று இருக்கிறேன். அவரும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.