தலை கரைந்த பாஸ்போலிப்பிட்

அக்கா பையனுக்குச் செல் சவ்வு மாடல் செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது எப்போதோ. ஆனால் நாளைக் காலை கொடுக்க வேண்டும் என்கிற இரவில்தான் அது வீட்டுக்குத் தெரியவரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் பொதுவான சட்டம் இது. நான் சும்மா எட்டிப் பார்க்கப் போனவன், போனதும் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

அவன் திட்டம் எளிமையானது. தெர்மாகோல் உருண்டை தலை, அதன் அடியில் இரண்டு பருத்தி நூல் வால். செல்லைச் சுற்றியிருக்கும் அந்தச் சவ்வைக் கட்டுகிற கொழுப்பு மூலக்கூறுக்குப் பாஸ்போலிப்பிட் என்று பெயர், எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் அது அப்படித்தான் நிற்கும். தலைப்பக்கம் பாஸ்பேட், மின்சுமை உள்ளது, அதனால் அது முனைவுள்ள பகுதி, தண்ணீரோடு ஒட்டி உறவாடும். வால் இரண்டும் கொழுப்பு அமிலச் சங்கிலிகள், பெரும்பாலும் 16, 18 கார்பன் நீளத்துக்கு வெறும் கார்பனும் ஹைட்ரஜனும், முனைவற்றவை, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். தலையையும் வாலையும் நடுவில் கிளிசரால் என்கிற சின்ன மூலக்கூறு இணைத்துப் பிடித்திருக்கும். இப்படி இரண்டு வரிசை, வால்கள் உள்பக்கம் பார்க்க, தலைகள் வெளிப்பக்கம் பார்க்க. அவ்வளவுதான் சவ்வு. அட்டையில் ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

வீட்டில் இருந்த பசை செருப்பு ஒட்டுகிற ரப்பர் பசை. பையன் ஒரு உருண்டையில் தாராளமாக ஒரு சொட்டு விட்டான். உருண்டையில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்தது, பள்ளம் குழியாயிற்று, குழி ஓட்டையாகி மறுபக்கம் வந்து எங்களை எட்டிப் பார்த்தது.

"மாமா, தலை கரையுது!"

உள்ளே இருந்து அக்கா, "யார் தலைடா?" என்றாள். அந்தக் குரலில் பதற்றத்தைவிட ஆர்வம்தான் அதிகம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

எனக்கு அப்போதுதான் வேடிக்கை புரிந்தது. தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன், அது முனைவற்ற பொருள். அந்த மாதிரிப் பசையில் டொலுயீன் வகைக் கரைப்பான் இருக்கும், அதுவும் கிட்டத்தட்ட அதே சாதி. இனம் இனத்தோடு சேர்ந்துவிட்டது. அதாவது எதை 'நீர் விரும்பும் தலை' என்று வைத்திருக்கிறோமோ அது தண்ணீரைத் தொடவே தொடாது. எதை 'நீர் விலக்கும் வால்' என்று வைத்திருக்கிறோமோ அது பருத்தி, முழுக்கச் செல்லுலோஸ், உடம்பெல்லாம் ஓஹெச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) தொகுதி, தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும். வேதியியல்படி பார்த்தால் மாடல் தலைகீழ். இதைச் சொல்லியிருக்கக் கூடாது. பையன் உடனே மிஞ்சின இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு குளியலறை பக்கெட்டுக்குப் போய்விட்டான், சோதனையாம்.

சோதனை பிரமாதமாக நடந்தது. உருண்டைகள் ஈரமே படாமல் மேலே மிதந்தன, நூல் தண்ணீர் குடித்துக் கனத்துக் கீழே தொங்கியது. நிஜப் பாஸ்போலிப்பிட் நீர்ப்பரப்பில் இதற்கு நேரெதிராகச் சிரசாசனம் செய்யும், தலை தண்ணீரில், வால் காற்றில். அப்படி ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் பரப்பி வைத்துத்தான் சவ்வு இரண்டு அடுக்கு என்பதையே கண்டுபிடித்தார்கள் என்று 1925 கதையைச் சொன்னேன். நெதர்லாந்தில் லெய்டன் நகரத்தில் கோர்ட்டர், கிரெண்டெல் என்று இரண்டு பேர். சிவப்பணுக்களில் இருந்து கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர் மேல் பரப்பினார்கள், பரப்பை அளந்தார்கள், செல்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. சிவப்பணுவுக்குள் உட்கருவோ வேறு சவ்வு உறுப்புகளோ கிடையாது, வெளிச்சவ்வு மட்டும்தான், ஆகவே கணக்கு நேர். இதில் சிறப்பு என்னவென்றால், அவர்கள் பயன்படுத்திய அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை, செல்லின் மேற்பரப்பையும் உள்ளதைவிடக் குறைவாக மதிப்பிட்டார்கள். இரண்டு தப்பும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு விடை சரியாக வந்துவிட்டது.

"நான் கணக்குல இப்படிப் போட்டா முட்டை மார்க் போடுவாங்க" என்றான். நியாயமான ஆதங்கம்தான், பதில் சொல்லவில்லை.

சரி, வெள்ளைப் பசையைத் தேடி எடுத்து ஒட்ட ஆரம்பித்தோம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, அவனுக்குப் பாட்டி, கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி. "நீங்க பசை போட்டு ஒட்டுறீங்க. உடம்புக்குள்ள யாரு பசை போட்டா?"

யாரும் போடவில்லை. இதுதான் இந்த விஷயத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம். வால்கள் ஒன்றையொன்று லேசாகத்தான் ஈர்க்கும், அது மட்டும் போதாது. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொண்டு இருப்பவை. நடுவில் இப்படி ஒரு எண்ணெய்ச் சங்கிலி வந்து நின்றால் அதோடு பிணைப்புப் போட வழியில்லாமல், அதைச் சுற்றிக் கட்டுப்பாடாக அணிவகுத்து நிற்க வேண்டிவரும், சுதந்திரம் போச்சு. அந்தத் தொல்லை குறைவதற்கு வால்கள் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கினால் நல்லது. 'நீர் வெறுக்கும் வால்' என்று வால் மேல் பழி போடுகிறோமே தவிர, வாலுக்கு ஒரு விரோதமும் இல்லை, தள்ளிவிடுவதெல்லாம் தண்ணீர்தான். அதனால்தான் சவ்வில் சின்னக் கிழிசல் விழுந்தால், வால்கள் தண்ணீரில் தெரிய நேரிடுமே என்று ஓரங்கள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. இத்தனையும் சுமார் 5 நானோமீட்டர் தடிமனுக்குள். ஒரு சாதாரணக் காகிதத்தின் கனம் வர வேண்டுமென்றால் இருபதாயிரம் சவ்வுகளை அடுக்க வேண்டும்.

பசையே இல்லாததால் யாரும் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. ஒரே அடுக்குக்குள் பக்கத்து மூலக்கூறோடு இடம் மாற்றிக்கொள்வது நொடிக்குக் கோடி தடவை அளவில் நடக்கிறது. ஆனால் இந்த அடுக்கில் இருந்து அந்த அடுக்குக்குக் குதிப்பது அபூர்வம், முனைவுள்ள தலை எண்ணெய்ப்பாங்கான நடுப்பகுதியைத் தாண்டியாக வேண்டும், மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். அவசரம் என்றால் ஃபிளிப்பேஸ் என்கிற நொதி வந்து தூக்கி மறுபக்கம் வைக்கும்.

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்கம்பக்கத்து வீட்டுக்கு நாள் பூரா போவாங்க, மாடிக்கு மட்டும் கூப்பிட ஆள் வரணும், அதானே?" என்றார். அதேதான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கையில் பசை பிசுபிசுத்ததால் சோப்பு போட்டுக் கழுவப் போனோம், அங்கேதான் வினை. சோப்புக்கும் இதே தலை வால் கதைதான், ஆனால் ஒரு வால். இரண்டு வால் இருந்தால் மூலக்கூறு உருளை வடிவில் நின்று விரிப்பாக அமையும், ஒரு வால் என்றால் கூம்பாகிக் குட்டி உருண்டைகளாகச் சுருண்டுகொள்ளும். சோப்பு அதிகமாகச் சவ்வுக்குள் நுழைந்தால் சவ்வு துண்டு துண்டாகிவிடும், கொரோனா வைரஸின் கொழுப்பு உறை கலைவதும் இப்படித்தான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். கூடவே, நம் தோலின் மேலடுக்கு கெரட்டின் என்கிற புரதம் நிறைந்த இறந்த செல்கள், அதனால் நமக்குப் பயமில்லை என்பதையும் தெளிவாகச் சொன்னேன். பையன் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்திருக்கிறது.

மறுநாள் காலை மாடல் பத்திரமாக வாசலில் தயாராக இருக்க, இவன் துண்டோடு நின்றுகொண்டு, சோப்பு போட்டால் செல் சவ்வு உடையும், மாமாவே சொல்லியிருக்கிறார், இன்றைக்குக் குளிக்க முடியாது என்று அக்காவிடம் வாதாடிக்கொண்டிருந்தான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அவனைத் திருப்பிக் குளியலறைக்குள் தள்ளிக்கொண்டே, "மேல இருக்கிறது எல்லாம் செத்துப் போன செல்லுன்னும் மாமாதான் சொன்னார், போய் நல்லாத் தேய்ச்சுக் குளி" என்று கதவைச் சாத்தினாள்.