பாத்திரம் உருக்கிய பீரங்கி: கீஷில் முற்றுகை படித்த நாட்கள்

மார்ச் 3

அயர்லாந்தின் 1641 கலகத்தை (ஆங்கிலேய ஆட்சியையும் புராட்டஸ்டண்ட் குடியேற்றத்தையும் எதிர்த்துக் கத்தோலிக்கர்கள் எழுந்தது) படிக்கப் போய், முற்றுகையில் தன் கோட்டையைக் காத்த விதவைச் சீமாட்டி லெட்டிஸ் டிக்பியிடம் மாட்டிக்கொண்டேன். கிங்ஸ் கவுண்டியில் (இன்றைய ஆஃபலி) கீஷில் என்ற ஊரில் கோட்டை. கணவர் 1618-லேயே இறந்துவிட்டார். 1642 தொடக்கத்தில் கலகத்தில் இறங்கிய ஐரிஷ் குலமான ஓ'டெம்ப்சிகள் கோட்டையை வளைத்தபோது அம்மாளுக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. புருஷன் இங்கிலாந்துக்காரர். இவரோ பிறப்பால் ஃபிட்ஸ்ஜெரால்ட். பல நூற்றாண்டுகளாக அயர்லாந்தில் வேரூன்றிய வம்சம். 'வந்தேறிச் சீமாட்டி, எதிரில் மண்ணின் மைந்தர்கள்' என்று சுலபமாகப் பிரித்துவிட முடியவில்லை.

மார்ச் 5

முற்றுகைக்கு முன்பே இவருக்கு ஒரு நீண்ட போர் நடந்திருக்கிறது, நீதிமன்றத்தில். தாத்தா கில்டேரின் 11-ஆவது பிரபு. அப்பா தாத்தாவுக்கு முன்பே இறந்துவிட, ஒரே மகளான தனக்கே சொத்து என்று கில்டேர் குடும்பத்தோடு ஆண்டுக்கணக்கில் வழக்கு. அசல் பங்காளிச் சண்டை. கடைசியில் அரசர் ஜேம்ஸ் தலையிட்டு கீஷிலை இவருக்குக் கொடுத்தார். 1620-இல் ஆஃபலி சீமாட்டி என்ற பட்டமும் வந்தது. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய வீட்டை ஒரு மிரட்டல் கடிதத்துக்குப் பயந்து விடுவாரா?

மார்ச் 8

இன்று கடிதங்கள். முற்றுகையாளர்கள் தங்களை 'மாட்சிமை தங்கிய மன்னரின் விசுவாசக் குடிகள்' என்று சொல்லிக்கொண்டு, மன்னரின் சேவைக்காகவே கோட்டையைப் பிடிக்க வந்திருப்பதாக எழுதுகிறார்கள். ஒப்படைத்தால் பத்திரமாக அனுப்பிவைப்போம். இல்லையென்றால் ஊரைக் கொளுத்துவோம், ஆண், பெண், குழந்தை யாரையும் விடமாட்டோம். கலகக்காரர்கள் ராஜா பெயரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1641 நவம்பரில் கலகத் தலைவர் ஃபெலிம் ஓ'நீல், சார்லஸ் மன்னரே தங்களுக்கு அதிகாரம் கொடுத்ததாக ஒரு போலிப் பத்திரத்தை நியூரியில் வெளியிட்டிருந்தார்.

லெட்டிஸின் பதில்: நானும் விசுவாசக் குடிதான், உங்களுக்கு நல்ல அண்டை வீட்டாளாகவே இருந்திருக்கிறேன், இப்படி ஒரு தாக்குதல் ஆச்சரியமாக இருக்கிறது. வழித்துணைக்கு நன்றி, ஆனால் அதில் பாதுகாப்பு இருப்பதாகத் தெரியவில்லை. என்னுடையதை என்னால் ஆனமட்டும் காப்பேன், மற்றது ஆண்டவன் விட்ட வழி.

கத்தலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. மறுப்பை இவ்வளவு மரியாதையாக எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன்.

மார்ச் 9

அப்புறம் பீரங்கி. முற்றுகையாளர்களிடம் பெரிய துப்பாக்கி இல்லை. ஊரில் சட்டி பானை 140 சேர்த்து உருக்கியிருக்கிறார்கள். ஆத்பாயிலிருந்து வந்த ஒரு கைவினைஞர் மூன்று முறை வார்த்துத்தான் உருவம் வந்தது. கோட்டை முன் நிறுத்தி முதல் குண்டைச் சுட்டதும் பீரங்கியே வெடித்துப்போனது! சட்டி பானைக்கும் பீரங்கிக்கும் வேண்டிய உலோகம் ஒன்றல்ல. வார்ப்பில் சின்னக் குறை இருந்தாலும் மருந்தின் அழுத்தம் அதைப் பிளந்துவிடும். அந்த அடுப்படிகளில் அன்றிரவு எதில் சமைத்தார்கள் என்பதுதான் எனக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

மார்ச் 10

பீரங்கியோடு வந்தவர் கிளான்மேலியர் பிரபு லூயிஸ் ஓ'டெம்ப்சி. லெட்டிஸுக்குச் சொந்தக்காரர். அவருக்கு இவர் எழுதியது இன்னும் காரம்: நான் எப்போதும் மதித்த உறவினரிடமிருந்து இப்படி ஒரு வணக்கத்தை எதிர்பார்க்கவில்லை. உங்களுக்கு நான் செய்த தீங்கு என்ன? என் பொருளில் கொஞ்சத்தை, கண்ட இடத்திலிருந்து என் ஆட்கள் திருப்பி எடுத்துவந்ததா? என் வீட்டைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியவில்லை. இங்கே நான் அழிந்தால் பழி உம்மைச் சேரும்.

சண்டைக்கு நடுவிலும் களவுபோன பொருளின் கணக்கு! அப்படியானால் லெட்டிஸின் ஆட்களும் வெளியே போய் வந்திருக்கிறார்கள். சும்மா கதவடைத்து உட்கார்ந்திருந்த முற்றுகை இல்லை இது.

மார்ச் 14

டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியின் 1641 வாக்குமூலங்களை இணையத்தில் புரட்டினேன். 31 தொகுதிகள், சுமார் 8,000 ஆவணங்கள். பெரும்பாலும் சொத்தும் சொந்தமும் இழந்த புராட்டஸ்டண்டுகள் சொன்னவை. அவர்கள் பட்டது பொய்யில்லை. ஆனால் ஆங்கிலேயர் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்து அமர்த்திய குடியேற்றத்தில் நிலம் பறிபோன ஐரிஷ் குலங்களின் வீடுகளில் போய் இப்படி ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை. லெட்டிஸின் துணிச்சலை ரசிக்கிறேன். அதற்காக ஓ'டெம்ப்சிகளை வெறும் கொள்ளைக்காரர்களாக்க மனசு வரவில்லை.

மார்ச் 15

1642 அக்டோபரில் ஆங்கிலேயத் தளபதி சர் ரிச்சர்ட் கிரென்வில் படையோடு வந்து லெட்டிஸை வெளியே கொண்டுபோனார். பிடிவாதமாகக் காத்த வீட்டை விட்டு லெட்டிஸ் இங்கிலாந்தில் வாரிக்‌ஷர் பக்கம் கோல்ஸ்ஹில்லுக்குப் போய், அங்கேயே 1658-இல் இறந்தார். சரி, அடுத்தது லிமெரிக் பக்கம் கில்ஃபெனி கோட்டையைக் காத்த எலிசபெத் டவ்டால். தன் சண்டையைத் தானே எழுதிவைத்த அம்மாள், அடக்கமெல்லாம் கிடையாது.