காலுறைத் தறியும் கலைக்களஞ்சியமும்

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றித் தமிழில் படிக்கப் புகுந்தால் முதலில் எதிர்ப்படுவது பாஸ்டில் சிறை, ரூசோ, வால்டேர், கில்லட்டின். அமெரிக்கா என்றால் 1776, ஜெபர்சன். திருப்பூர், சென்னிமலை, பவானி, சிறுமுகை என்று நூலோடு வளர்ந்த நம் பக்கத்து ஆட்களுக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. பாரிஸில் 1751-ல் வெளிவரத் தொடங்கிய பெரிய கலைக்களஞ்சியத்தின் இரண்டாம் தொகுதியில் 'பா' என்றொரு கட்டுரை. பிரெஞ்சில் 'பா' என்றால் காலுறை. நம் நெசவில் பா என்றால் பாவு, தறியில் நெடுக்காக ஓடும் இழை; ஒலி ஒன்று, பொருள் வேறு. காலுறை பின்னும் தறியைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சொல்லும் நீண்ட கட்டுரை அது. எழுதியவர் களஞ்சியத்தின் ஆசிரியர் டெனிஸ் டிடெரோவே.

அவர் லாங்கர் என்ற ஊரில் கத்தி செய்யும் கொல்லரின் மகன். பட்டறைச் சத்தம் கேட்டு வளர்ந்தவர். அந்தக் காலத்துக் கல்விமான்கள் கையால் செய்யும் வேலையைக் கீழாக நினைத்தார்கள். முதல் தொகுதியில் 'கலை' என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரை அந்த நினைப்பை நேராகவே தாக்குகிறது. நம் மரபில் ஆயகலைகள் அறுபத்து நான்கு என்று எண்ணும்போது கைத்தொழில்களும் உள்ளே வந்துவிடுகின்றன. ஆனால் எண்ணியதோடு நின்றோம். ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வது என்று எழுதி வைக்கவில்லை. டிடெரோ எழுதினார்.

முதலில் அந்தத் தறியைப் பார்த்துவிடுவோம். 1589-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பக்கம் வில்லியம் லீ என்பவர் உருவாக்கியது. ஊசிகள் ஒரே வரிசையில் நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றின் நுனியும் தூண்டில் முள்போலப் பின்பக்கம் வளைந்திருக்கும். அந்த வளைவை அழுத்தினால் அதன் முனை தண்டிலுள்ள சின்னப் பள்ளத்தில் போய் அமரும். விட்டால் தானே நிமிரும். இந்த வில்குணம்தான் இயந்திரத்தின் உயிர்.

பின்னுபவர் நூலை ஊசிகளின் மேல் குறுக்கே படுக்க வைப்பார். ஊசிகளுக்கு நடுவே மெல்லிய தகடுகள் இறங்கி நூலைக் கீழே தள்ளி வளைக்கும். திருப்பூர்ப் பின்னல் மெஷினில் சிங்கர் (sinker) தகடு என்கிறோமே, அதன் பாட்டன் இது. எல்லாத் தகடும் ஒரே நேரத்தில் இறங்கினால் நூல் எல்லா இடத்திலும் பிடிபட்டு, இழுத்துக்கொள்ள வழியில்லாமல் அறுந்துவிடும். அதனால் ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ள தகடுகள் முதலில், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒவ்வொன்றாக இறங்கி, தேவையைப்போல இரண்டு மடங்கு ஆழத்துக்கு நூலை வாங்கிக்கொள்ளும். பிறகு மீதி இடைவெளிகளில் உள்ள தகடுகள் மொத்தமாக இறங்கி, வாங்கிய நூலைச் சமமாகப் பங்கிடும். புது வளையங்கள் ஊசியின் கொக்கிக்கு அடியில் தள்ளப்படும். மேலிருந்து அழுத்துச் சட்டம் இறங்கி எல்லாக் கொக்கியையும் ஒரே அமுக்கில் மூடும். அப்போது முந்தின வரிசையின் பழைய வளையங்கள் மூடிய கொக்கியின் மேலேறி முன்னே வரும். சட்டம் மேலே போனதும் பழையது ஊசியை விட்டு வழுக்கி, புதியதன் மேல் விழும். ஒரு வரிசை முடிந்தது. தகடுகள் துணியைப் பின்னுக்கு இழுத்து வைக்கும், மறுபடி நூல். கால் மிதிகளும் இரண்டு கைகளும் சேர்ந்து செய்யும் வேலை.

பழுது வரும் இடங்களையும் இதிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம். கொக்கி முழுதாக மூடவில்லை என்றால் பழைய வளையமும் உள்ளே புகுந்து, ஒரு ஊசியில் இரண்டு வளையம் தங்கும். அதைத்தான் டக் என்கிறோம். கொக்கி வில்குணம் போய் நிமிராமல் நின்றால் புது நூல் உள்ளே போகாது. வளையம் நழுவி ஏணிபோலக் கீழே வரை ஓடும். ஊசிகளின் அடி ஈயக் கட்டியில் வார்த்துப் பிடிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டி சற்றே சாய்ந்தால் இரண்டு ஊசிக்கு நடுவே இடைவெளி மாறி, துணி நெடுக ஒரு கோடு விழும். பனியன் கம்பெனியில் செக்கிங் செய்பவர் 'நீடில் லைன்' என்று சாக்கட்டியால் குறிப்பாரே, அதே கோடு. இன்றைய வட்டப் பின்னல் மெஷினில் அழுத்துச் சட்டம் இல்லை. 19-ம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் மாத்யூ டவுன்செண்ட் கொண்டுவந்த லாட்ச் நீடிலில், பழைய வளையமே சின்ன நாக்கைத் தள்ளித் திறந்து மூடிக்கொள்கிறது. சிங்கர் மட்டும் வேலையை விடவில்லை.

டிடெரோ இந்தத் தறியை ஒரே ஒரு தர்க்கம் என்கிறார்: காலுறை அந்தத் தர்க்கத்தின் முடிவு. அவர் எழுதியவற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. எந்தத் தகட்டை எடுத்தாலும் தர்க்கம் உடைந்துவிடும் என்பதை இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். அவர் பார்த்தார். முதல் தொகுதியின் முகவுரையில் இணையாசிரியர் டலம்பேர் நன்றி சொல்லும் பட்டியலில் பாரா என்ற தொழிலாளி இருக்கிறார்: காலுறைத் தறியை டிடெரோவின் கண்முன் பல தடவை பிரித்துப் பூட்டிக் காட்டியவர். போனே, லோரான் என்ற இரண்டு பட்டுத் தொழிலாளிகளும் இருக்கிறார்கள். வெல்வெட் நெய்யும் தறியைப் பூட்டி ஓட்டிக் காட்டியவர்கள். அறிவியல் கழக உறுப்பினர்களின் பெயர்கள் வரும் அதே முகவுரையில் தறிக்காரர் பெயர். எனக்கு இது பாஸ்டில் வீழ்ச்சிக்குக் குறைந்த செய்தியாகத் தெரியவில்லை.

முறையையும் அவர் ஒளிக்கவில்லை. 1750-ன் முன்னறிவிப்பில் சொல்கிறார்: பட்டறைக்குப் போனோம், கேட்டோம், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினோம், சில இயந்திரங்களை வரவழைத்து நாமே கைவைத்து வேலை செய்தோம். ஆயிரம் தொழிலாளிகளில் தன் கருவியைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர் ஒரு டஜன்கூட இல்லை என்றும், நாற்பது வருடம் வேலை செய்தும் தன் இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள் உண்டு என்றும் குறைபடுகிறார். இந்த இடத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராமல் இருப்பது அறியாமை ஆகாது. தொழில் ரகசியம் வெளியே போனால் பிழைப்புப் போகும் என்று வாய்மூடி இருந்தவர்களும் இருந்திருப்பார்கள். யார் எந்தத் தொழில் செய்யலாம் என்று தீர்மானித்த தொழிற்குழாம்கள் கட்டுக்காவலோடு இருந்த காலம் அது.

மொத்தம் 17 தொகுதி எழுத்து, 11 தொகுதி படம்; கடைசிப் படத்தொகுதி 1772-ல். 1752-ல் முதல் இரண்டு தொகுதிக்கும் தடை. 1759-ல் அரசு உரிமத்தையே பறித்தது. போப்பாண்டவரும் விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தார். 'எந்த மனிதனும் பிறரை ஆள இயற்கையிடமிருந்து உரிமை பெற்று வரவில்லை' என்று முதல் தொகுதியிலேயே எழுதிய புத்தகத்தை அரசர்கள் வேறு எப்படி நடத்துவார்கள்? தடையைத் தாண்டி அச்சு ஓட விட்டவர், புத்தகத் தணிக்கைக்குத் தலைமை வகித்த மால்செர்ப் என்பதுதான் ஆச்சரியம். பின்னாளில் அவர் பதினாறாம் லூயிக்காக வாதாடி, 1794-ல் கில்லட்டினில் உயிர்விட்டார். அரசனிடமிருந்து இந்த நூலைக் காத்தவரைப் புரட்சி விட்டுவைக்கவில்லை.

படத்தகடுகளைப் பார்க்க ஒரு வழிமுறை உண்டு. பெரும்பாலான தொழில்களில் முதல் தகட்டின் மேல்பகுதியில் பட்டறைக் காட்சி. கீழே கருவிகள் தனித்தனியாக, எழுத்தும் எண்ணும் போட்டு. கண் மேலேதான் முதலில் போகும். போக விடாதீர்கள். கீழிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு உருப்படியின் எழுத்தையும் விளக்கத்தோடு ஒப்பிட்டு, அளவுகோல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு மேலே வந்தால் யார் கையில் எந்தக் கருவி என்பது விளங்கும். தகடுகளில் 900-க்கும் மேல் வரைந்தவர் லூயி-ழாக் கூசியே. பெரும்பகுதியைச் செதுக்கியவர் ரோபேர் பெனார்.

செதுக்குவது இப்படி: மெருகேற்றிய செப்புத் தகட்டில் மெழுகும் பிசினும் கலந்த பூச்சு, மெழுகுவத்திப் புகையில் அதைக் கறுப்பாக்கி, ஊசியால் கீறினால் செம்பு தெரியும். அமிலம் ஊற்றினால் கீறிய இடம் மட்டும் அரிபடும். மெல்லிய கோடு போதுமான ஆழம் வந்ததும் அதன்மேல் வார்னிஷ் பூசி மறைத்து, ஆழக் கோட்டை இன்னும் அரிக்க விடுவார்கள். கடைசியில் உளியால் திருத்தம். மையைத் தேய்த்து, மேல்மையைத் துடைத்து, ஈரக் காகிதத்தோடு உருளையில் ஓட்டினால் கோட்டுக்குள் இருக்கும் மை காகிதத்துக்கு ஏறும். பூச்சில் வெடிப்பு இருந்தால் அமிலம் வேண்டாத இடத்திலும் புகுந்து புள்ளிபுள்ளியாகக் கெடுக்கும். அச்சில் இடவலம் மாறும் என்பதால் படத்தைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பிச் செதுக்க வேண்டும். மறந்தால் பட்டறையில் எல்லாரும் இடக்கையர் ஆகிவிடுவார்கள்.

இதே டிடெரோ ஓவியக் கண்காட்சிகளுக்கும் விமர்சனம் எழுதினார். செப்புத் தொட்டியும் அறுத்த மீனும் வரைந்த ஷார்தானைப் பார்த்து, நீ தட்டில் குழைப்பது நிறமல்ல, பொருளின் சத்தையே என்று 1763-ல் எழுதினார். பாத்திரத்தையும் தறியையும் பார்த்த கண் ஒன்றுதான்.

படங்களில் இல்லாததையும் சொல்லியாக வேண்டும். வியர்வை இல்லை, பஞ்சுத்தூசி இல்லை, கூலி இல்லை. எல்லா முகமும் அமைதி. காலனிகளின் அவுரி, பருத்தி, சர்க்கரைப் பட்டறைப் படங்களில் வேலை செய்பவர்கள் அடிமைகள். அங்கும் அதே அமைதி. எழுத்துப் பகுதியில் ழோகூர் அடிமை வணிகத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதியிருக்கிறார் என்பது உண்மை. ஆனால் அந்தப் படத்தில் நிற்பவர்களின் பெயர் எந்த முகவுரையிலும் இல்லை. 1791-ல் பிரெஞ்சுக் காலனியான சான்-தொமிங்கில் கிளர்ந்தெழுந்து 1804-ல் ஹெய்ட்டி நாட்டை அமைத்தவர்கள் அவர்கள்தான்.

ஜெபர்சனுக்கும் இதே பிளவு. ஆளுநராக இருந்தபோது போர் நடுவே வர்ஜீனியாவுக்காக இந்தக் களஞ்சியத்தை வாங்கினார். மண்ணைப் புரட்டும் கலப்பைப் பலகைக்குக் கணித முறையில் வடிவம் கண்டு, உரிமம் கேட்காமல், எந்த உழவரும் செய்துகொள்ளும்படி படிகளை எழுதிக் கொடுத்தார். 1794 முதல் அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் ஆணி செய்தவர்கள் 10 முதல் 16 வயதுக்குட்பட்ட அடிமைச் சிறுவர்கள். ஒவ்வொருவருக்கும் கொடுத்த இரும்பையும் திரும்பி வந்த ஆணியையும் எடைபோட்டுக் குறித்துக்கொண்டார். துல்லியமாக எழுதுவதும் நியாயமாக நடப்பதும் வேறுவேறு.

பிரான்சிலும் அப்படித்தான் ஆனது. 1791 மார்ச்சில் குழாம்கள் ஒழிக்கப்பட்டன: யாரும் எந்தத் தொழிலும் செய்யலாம். அதே ஜூனில் ல ஷப்பலியே சட்டம், தொழிலாளிகள் கூலிக்காகக் கூட்டுச் சேருவதைத் தடைசெய்தது. வேலைநிறுத்தம் 1864 வரை குற்றம். சங்கத்துக்கு 1884 வரை சட்ட அனுமதி இல்லை. தொழிலாளியின் அறிவை மதித்த நூற்றாண்டு அவன் கூலிக்கு வாய் திறந்ததும் சட்டம் போட்டது. சங்கம் தெரிந்த திருப்பூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு நல்ல விதை விழுந்தது. 1794 அக்டோபரில், அடிமை முறையை எதிர்த்த பாதிரியார் கிரெகுவாரின் முயற்சியில் பாரிஸில் கலை, தொழில் காப்பகம் பிறந்தது. இயந்திரத்தைச் சேர்த்து வைப்பது, அருகிலேயே வரைபடம் வைப்பது, ஓட்டிக் காட்ட ஆள் போடுவது. புத்தகம் கட்டடமானது. அங்கே கிடந்த வோகான்சோனின் பழைய பட்டுத்தறியை ஆராய்ந்த லியோன்காரர் ஜக்கார்டு, 1804 வாக்கில் தன் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். சிறுமுகையில் தறிக்கு மேலே நிற்கும் ஜக்கார்டு பெட்டி அதன் வழி வந்தது. பூவுக்கேற்பத் துளையிட்ட அட்டைகள் அதில் ஓடும். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி கத்தியில் (மேலே தூக்கும் பட்டையில்) மாட்டி மேலேறும், அந்த இழை எழும்பும். துளை இல்லை என்றால் ஊசி தள்ளப்பட்டுக் கொக்கி விலகி இழை கீழேயே கிடக்கும். ஒரு ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடும் ஒரு நூலுக்கு, ஓர் அட்டை. மழைக்காலத்தில் அட்டை ஈரம் வாங்கி உப்பினால் துளை ஊசிக்கு நேராக நிற்காது. பூவில் இதழ் உடையும்.

பவானி ஜமுக்காளக் குழித்தறிக்கும் இப்படியொரு கட்டுரை எழுத ஆசைப்படுபவர்கள் 'பா' கட்டுரையின் வரிசையையே எடுத்துக்கொள்ளலாம். முதலில் தறி நிற்கும்போது படமரம், அச்சு, விழுது, மிதி, நாடா, தார் ஒவ்வொன்றும் தனியாக: நெசவாளர் சொல்லும் பெயர், மரமா இரும்பா, அளவு. பெயரை நூலிலிருந்து எடுக்காதீர்கள்; ஊருக்கு ஊர் மாறும். அடுத்து எதோடு எது பூட்டப்படுகிறது. அதற்குப் பிறகே கையும் காலும் செய்யும் அசைவு, மெதுவாக ஒரு ஊடை மட்டும். அகலத் தறியில் இரண்டு பேர் உட்கார்ந்தால் இருவருடையதும். இழை அறுந்தால் எங்கே அறுகிறது, எப்படி முடிச்சுப் போடுகிறார்கள், எந்த மாதத்தில் அதிகம். ஒரு ஜமுக்காளத்துக்கு எத்தனை நாள், கூலி எவ்வளவு. டிடெரோவின் படத்தில் விடுபட்டது இது. சொல்லிக்கொடுத்தவரிடம் அனுமதி கேட்டு, அவர் பெயரை முதல் பக்கத்தில்.