சிரட்டைத் தண்ணீர்

டிரில் மாஸ்டர் போய்விட்டார் என்று வாட்ஸப்பில் தகவல் வந்தபோது, ஷார்ஜாவில் நீச்சல் குளத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தேன். முதுகுவலிக்கு டாக்டர் சொன்ன வைத்தியம் மல்லாக்க நீச்சல். மாஸ்டர் கற்றுத் தந்த அதே நீச்சல். நினைவு மலருக்கு எழுதச் சொன்னார்கள். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி குறைந்தவன் நம் தமிழ் மீடியம் பேட்சில் கிடையாது.

நம் ஊர் ஆறு சோகநாசினியில் ஆளியாற்றுத் தண்ணீர் வந்தால் நமக்கு நீச்சல். எல்லையில் உள்ள மணக்கடவில் தமிழ்நாடு கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். வராத மாதங்களில் மணலில் கபடி.

நெற்றியில் சிரட்டை, அதில் தண்ணீர். சிந்தினால் முதலிலிருந்து. காது இரண்டும் நீருக்குள், பார்வை நேர் மேலே. தோள் உருளலாம், தலை உருளக்கூடாது. "சைக்கிளாடா மிதிக்கறே? முட்டி வெளிய தெரியுது!" என்று கரையிலிருந்து கத்துவார். கால் இடுப்பிலிருந்து அடிக்க வேண்டும். கை வெளியே வரும்போது கட்டைவிரல் முதலில், உள்ளே போகும்போது சுண்டுவிரல். அந்தச் சுண்டுவிரல் எனக்குப் படிய ஒரு வருஷம் ஆனது. கண்ணோரத்தில் கரைப் பனைகள் நகரும். ஐந்தாவது பனை வந்தால் நிறுத்தலாம்.

1986 போட்டியில்தான் நீச்சல் குளத்தையே பார்த்தேன். குறுக்கே குட்டிக் கொடிகள் கட்டியிருந்தார்கள், திருவிழாத் தோரணம்போல. முதலில் வந்துகொண்டிருந்தேன். கொடிகள் தலைக்கு மேலே போயின. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அடுத்த நொடி உச்சந்தலையில் சுவர். கேலரியே சிரித்தது. சுவருக்கு 5 மீட்டர் முன்னால் கொடி, அங்கிருந்து கையை எண்ண வேண்டும் என்று பக்கத்து லேன் பையன்தான் சொன்னான்.

திரும்பும் பஸ்ஸில், ஈரத்துண்டை என் தலையில் அழுத்திப் பிடித்திருந்தவரிடமே சீறினேன். "ஏன் மாஸ்டர் சொல்லவேயில்ல?"

"எனக்கும் இன்னைக்குத்தான்டா தெரியும். குளத்தை நானும் இப்பத்தான் பார்க்கறேன்."

துண்டைத் தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் அவர் கூப்பிட்டும் ஆற்றில் இறங்கவில்லை.

1991-இல் விதி மாறிவிட்டது. திரும்பும்போது சுவரைக் கையால் தொட வேண்டாம், குப்புறப் புரண்டு கரணம் போட்டுக் காலால் உதைக்கலாம். அதற்கும் கொடியிலிருந்துதான் எண்ண வேண்டும் என்பது வேறு விஷயம். இங்கே இருக்கும் கோச், சின்னப் பையன், "தலை அசையவே இல்லையே, எந்த கிளப்?" என்று கேட்டான். சிரட்டையை அவனுக்கு எப்படி விளக்குவது? சிரித்து வைத்தேன்.

கொடியிலிருந்து சுவருக்கு எனக்கு ஐந்து கை. நேரில் போய் மாஸ்டரிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று லீவாக நினைத்தேன். மூன்று முறையும் கோயம்புத்தூரில் இறங்கி, வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி, அவர் வீட்டுத் திருப்பத்தில் டாக்ஸி நேராகப் போனது. டிரைவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.