எனாமலுக்கு அடியில் தேக்கு: வாசல் கதவில் ஒரு பக்கம் முடிந்தது

வாசல் கதவின் பழைய பெயிண்டை உரித்துத் தேக்கை வெளியே கொண்டுவருகிற வேலையில், ஸ்கிரேப்பர் (மரத்தைச் சீவுகிற கைத்தகடு) வாயில் நேற்று மத்தியானம் முதல்முறையாக மரச்சுருள் வந்தது. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக, வெயிலில் பிடித்தால் பின்னால் இருக்கிற விரல் தெரிகிற மாதிரி. மூன்று வாரமாகத் தூளையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. சாயங்காலத்துக்குள் இடது கதவின் உள்பக்கம் முடிந்துவிட்டது. வெளிப்பக்கத்தில் பெயிண்ட் போய்விட்டது, இழைப்பு பாக்கி. வலது கதவும் நிலையும் இன்னும் தொடவே இல்லை. ஆனாலும் கை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

வீடு கும்பகோணத்தில், தாத்தா கட்டியது. முன்கட்டை வாடகைக்கு விடலாம் என்று பேச்சு வந்தபோது தரகர் சுற்றிப் பார்த்துவிட்டு, "உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார், வாசக்கதவுதான் இடிக்குது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மேலே கரும்பழுப்பு, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் வெளிர்நீலம் என்று பொங்கலுக்குப் பொங்கல் எனாமலை அப்பி அப்பிக் கதவின் பூவேலையே மழுங்கிப் போயிருந்தது. கதவு தேக்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தேக்கைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை. இதே அளவில் புதுசாக இரட்டைக் கதவு செய்ய, பூவேலை இல்லாமலே, அறுபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். எனக்கு இதுவரை ஆன செலவு 3,850 ரூபாய்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பழைய செட்டிநாட்டுக் கதவுகளைச் சுத்தம் செய்து நிறுத்தியிருப்பார்கள், விலை கேட்டால் தலை சுற்றும். அதே சரக்கு நம் வாசலிலேயே நிற்கும்போது அதன்மேல் இன்னொரு கோட்டு எனாமல் அடிக்க எனக்கு மனசு வரவில்லை.

முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். காஸ்டிக் சோடா கரைத்துத் தடவினால் ஐந்தே நிமிஷத்தில் பெயிண்ட் கழன்றுவிடும் என்று பெயிண்டர் ஒருவர் சொன்னார். கழன்றது உண்மைதான். கூடவே கீழ்ப்பலகை முழுக்கக் கருத்துப்போனது. தேக்கில் காரம் பட்டால் அப்படித்தான் ஆகும். வினிகர் தடவிக் காரத்தை முறித்து, தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு நாள் காயவிட்டு, அப்புறம் ஒரு லிட்டர் வெந்நீருக்கு 60 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்து இரண்டு தடவை பூசினேன். முக்கால்வாசி நிறம் திரும்பிவிட்டது. ஆணியைச் சுற்றியிருந்த நீலக்கறுப்புக் கறையும் அதிலேயே போனது. இந்த அமிலம் விஷம். கையுறை கட்டாயம் வேண்டும். நன்றாகக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் மூக்கில் ஏறும்.

மற்ற பலகைகளுக்கு ஜெல் மாதிரி வருகிற பெயிண்ட் ரிமூவர்தான். எங்கள் கதவு கீலில் மாட்டியதல்ல, குடுமியில், அதாவது மேலும் கீழும் நீட்டிய முளை நிலையின் குழியில் சுழல்கிற மாதிரி நிற்பது. நிலையைப் பெயர்க்காமல் கழற்ற முடியாது என்பதால் நின்ற நிலையிலேயே வேலை செய்தாக வேண்டும், பூசினால் வழிந்துவிடும். கெட்டியாகப் பூசி, மேலே பாலிதீன் தாளை ஒட்டி நாற்பது நிமிஷம் விட்டதும் மூன்று அடுக்கும் சேர்ந்து தோலாக உரிந்து வந்தது. மெஷின் வைத்து உலர்வாக மட்டும் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன்னால் அடித்ததில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும். உரித்ததையெல்லாம் ஈரமாகவே பையில் கட்டினேன். அக்கா பிள்ளைகளை வாசல் பக்கமே விடவில்லை.

இனி ஸ்கிரேப்பர். பெயிண்ட் போன பிறகும் மரத்தின் மேல்தோலில் ஒரு வெளிறிய அழுக்கு நிற்கும். உப்புத்தாள் அதை மரத்துக்குள்ளேயே தேய்த்து ஏற்றிவிடுகிறது. அதைச் சீவித்தான் எடுக்க வேண்டும். பழைய கைரம்பத்துத் தகட்டில் ஐந்து அங்குல நீளம் வெட்டி, விளிம்பை அரத்தால் சதுரமாக ராவி, ஸ்குரூடிரைவர் தண்டால் அழுத்தித் தேய்த்து, விளிம்பில் கொக்கி மாதிரி பிசிறு திருப்பினேன், மரத்தைச் சீவுவது அந்தப் பிசிறுதான். வந்தது தூள். மறுபடியும் ராவினேன், மறுபடியும் தூள். கோணத்தை மாற்றினேன், அழுத்தத்தைக் கூட்டினேன், அதே தூள்தான்.

தெருக்கோடியில் தச்சு வேலை செய்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், வயது எண்பதை நெருங்குகிறது. தகட்டை எடுத்துக்கொண்டு போனேன். கட்டைவிரலால் விளிம்பை ஒரு தடவு தடவிவிட்டு, "அரம் போட்ட கோடு அப்படியே இருக்கே தம்பி, கல்லுல போட்டியா?" என்றார்.

"இல்லீங்க ஐயா."

"கல்லுல போட்டு வழவழன்னு ஆக்கு. அப்புறம் திருப்பு. ரொம்பச் சாய்க்காத, அமுக்காத."

விஷயம் அவ்வளவுதான். அரம் விட்ட பள்ளங்கள் அப்படியே இருந்தால் பிசிறும் பல் பல்லாகத்தான் திரும்பும். எண்ணெய்க் கல்லில் விளிம்பைப் பத்து நிமிஷம், இரண்டு முகங்களையும் ஐந்தைந்து நிமிஷம் தேய்த்தேன். இன்னொரு குறையும் கண்ணில் பட்டது. என் ஸ்குரூடிரைவர் தண்டே மிருதுவான இரும்பு, தகடு அதில் கோடு போட்டிருந்தது. மெக்கானிக் கடையில் கழித்துப் போட்ட கார் எஞ்சின் வால்வு ஒன்று கேட்டேன், சும்மாவே கொடுத்துவிட்டார்கள். அதன் தண்டு கண்ணாடி மாதிரி வழவழப்பு, நல்ல கடினம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தகட்டு முகத்தின் மேல் படுக்கவைத்து நாலு இழுப்பு, பிறகு விளிம்பில் வைத்து லேசாகச் சாய்த்து மூன்றே இழுப்பு. நகத்தை வைத்தால் தட்டுகிற அளவு பிசிறு. தகட்டை இரண்டு கட்டைவிரலாலும் வில்லாக வளைத்து முன்னால் தள்ளினேன், சுருள் விழுந்தது. கால் மணி நேரத்தில் தகடு விரலைச் சுடும், அப்போது நிறுத்தினால் போதும். உப்புத்தாளில் ஒருபோதும் காணாத ரேகை ஓட்டம் ஸ்கிரேப்பருக்குப் பின்னால் தெரிகிறது.

பூவேலைக்குள் தகடு போகாது. அங்கே மூங்கில் சிம்பும் பழைய பல்துலக்கியும்தான். வளைந்த சட்டங்களுக்குக் கண்ணாடிச் சில்லு, அதுவும் பெரியவர் சொன்னதுதான். அந்தக் காலத்தில் உப்புத்தாளுக்குப் பதில் அதுதானாம். தாமரை ஒன்றுக்கு ஒரு முழு நாள் ஆகிறது. நிலை மேலே கஜலட்சுமி இருக்கிறாள், இரண்டு யானைகளோடு. அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று இப்போது கணக்குப் போடப் போவதில்லை.

உள்பக்கத்துக்கு அரக்கு பாலிஷ்தான் என்று முடிவு. 150 கிராம் அரக்கை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் ராத்திரி ஊறப் போட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி வைத்திருக்கிறேன். ஆடிக் காற்றில் புழுதி ஒட்டும் என்பதால் விடியற்காலையில் பூச வேண்டும். ஈரக்காற்று நாளில் பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும். வெளிப்பக்கம் மழைக்கு அரக்கு நிற்காது, அங்கே காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மூன்று கோட்டு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள்.

கதவின் பித்தளைக் குமிழ்கள் பன்னிரண்டில் இரண்டைக் காணோம். மற்றதையெல்லாம் அம்மா புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டாள், பொன் மாதிரி இருக்கின்றன. நாச்சியார்கோவில் பக்கத்தில்தான், குத்துவிளக்கு வார்க்கிற பட்டறைகள் அங்கே உண்டு. மாதிரிக்கு ஒரு குமிழை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை போகிறேன். இரண்டு குமிழுக்காக அச்சுப் போடுவார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மாட்டார்கள் என்றால் பன்னிரண்டையும் புதுசாகவே வார்க்கச் சொல்லலாமா என்றும் யோசனை ஓடுகிறது. திண்ணையின் சிவப்புத் தரையும் வெடித்துக் கிடக்கிறது, ஆக்சைடு பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தரகர் இன்று காலை வந்தார். இடது கதவைப் பார்த்தார், வலது கதவைப் பார்த்தார், இடது கதவைக் கையால் தடவினார். வாடகை பத்தாயிரம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பன்னிரண்டு சொல்லிப் பார்க்கலாம் என்றார். ஐப்பசி மழைக்கு முன்னால் வெளிப்பக்கம் எண்ணெய் குடித்திருக்க வேண்டும். வலது கதவுக்கு ரிமூவர் இன்னும் இரண்டு டப்பா வாங்கியாயிற்று.