தோட்டத்துச் சாளைக் கருவிகள்: துரு நீக்கியதும் பிரஷ் கட்டரை மீட்டதும்

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கருவிகள் வேலை செய்து கெடுவதைவிட, வேலையில்லாமல் கிடந்து கெடுவதே அதிகம். எங்கள் தோட்டத்துச் சாளையின் (தோட்டத்து வீட்டின்) கருவிக் கொட்டகையை ஒழுங்குசெய்யத் தொடங்கியபோது கையில் எடுத்த ஒவ்வொன்றிலும் இதைத்தான் கண்டேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனியிலும் ஆடியிலும் எங்கள் பகுதியை ஈரமாகவே வைத்திருக்கும். அது ஓய்ந்து சற்றுக் காய்ந்ததும் ஐப்பசியில் வடகிழக்கு மழை பிடித்துக்கொள்ளும். அந்த மாதங்களில் மண் ஒட்டியபடியே மூலையில் சாத்தப்பட்ட மண்வெட்டியும், டேங்கில் பெட்ரோலோடு மாட்டி வைக்கப்பட்ட, புல்லும் புதரும் வெட்டும் பிரஷ் கட்டரும், அடுத்த முறை எடுக்கும்போது வைத்த நிலையில் இருப்பதில்லை. ஆகவே எடுக்கும் நாளில் பழுது பார்ப்பதை விட்டு, வைக்கும் நாளிலேயே பராமரிக்கும் முறைக்கு மாறுவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன்னால், ஏற்கெனவே கெட்டுக் கிடந்தவற்றை மீட்க வேண்டியிருந்தது.

முதலில் துருப்பிடித்த கைக்கருவிகளை எடுத்துக்கொண்டேன். அப்பா காலத்து மண்வெட்டிகள், கொடுவாள்கள், ஒரு கோடாரி, ஒரு பைப் ரெஞ்ச் ஆகியவை அவற்றில் அடங்கும். உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் மேல் துருவை எடுத்துவிடும். ஆனால் குழிகளுக்குள்ளும் ரெஞ்சின் மரைகளுக்குள்ளும் இருப்பதை அவை தொடுவதில்லை. அமிலத்தில் ஊறவைத்தால் துருவோடு நல்ல இரும்பும் கொஞ்சம் கரையும். அதனால் சோடாத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சித் துருவைக் கழற்றும் மின்பகுப்பு முறையைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, 5 லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி என்ற அளவில் சலவைச் சோடாவைக் கரைத்து, தொட்டியின் உட்சுற்றில் கட்டட வேலையில் மிஞ்சிய கம்பித் துண்டுகளை நிறுத்தி, அவற்றை எல்லாம் ஒரே ஒயரால் இணைத்தேன். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் முனை அந்தக் கம்பிகளுக்கும், நெகட்டிவ் முனை நடுவில் தொங்கும் கருவிக்கும் போக வேண்டும். இந்த இணைப்பு தலைகீழானால் கரைவது கருவியாகவே இருக்கும் என்பதால், கிளிப்புகளில் சிவப்பு, கறுப்பு நாடாக்களைச் சுற்றி வைத்திருக்கிறேன்.

இதற்குப் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகைச் சார்ஜரே ஏற்றது. இப்போது விற்கும் தானியங்கிச் சார்ஜர்களில் பல, எதிரில் பேட்டரியின் மின்னழுத்தத்தை உணராவிட்டால் மின்சாரத்தை விடுவதே இல்லை. மின்சாரம் பாய்ந்ததும் கருவியின் மேல் சிறு குமிழ்கள் எழும், அது ஹைட்ரஜன். ஆகையால் தொட்டியைத் திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டத்தில் வைக்க வேண்டும். சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பில் கை வைக்க வேண்டும். சலவைச் சோடாவுக்குப் பதிலாகச் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு உண்டாகும். கம்பிகளுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகைப் பாசிட்டிவ் முனையில் வைத்தால் அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மை கொண்ட வடிவில் தண்ணீரில் கலக்கும். இந்த இரண்டையும் எவரும் செய்து பார்க்கவே கூடாது. அரம், ரம்பம் போன்ற மிகக் கடினமான எஃகையும் நான் இதில் இடுவதில்லை; ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அவற்றை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகக்கூடும்.

இரவு முழுவதும் ஓடவிட்டுக் காலையில் எடுத்தபோது, செந்துரு இருந்த இடமெல்லாம் கறுப்புப் பொடியாக மாறித் தேங்காய் நாரால் தேய்த்தாலே கழன்று வந்தது. பல ஆண்டுகளாக அசையாதிருந்த ரெஞ்சின் திருகு, கொஞ்சம் எண்ணெய் விட்டதும் விரலால் சுழன்றது. அப்பாவின் மண்வெட்டியில் துருவுக்கு அடியில் மறைந்திருந்த பட்டறை முத்திரையும் தெரிய வந்தது. அதைப் பார்த்தபோது உண்டான மகிழ்ச்சியை இங்கே மறைக்க விரும்பவில்லை. இப்படிச் சுத்தமான இரும்பு ஈரத்தோடு சில நிமிடங்கள் இருந்தாலே மறுபடி மஞ்சள் பூத்துவிடும். எனவே தொட்டியிலிருந்து எடுத்ததும் கழுவித் துடைத்து, வெயிலில் சுடவைத்து, அந்தச் சூட்டோடேயே எண்ணெய் பூச வேண்டும். ஊரில் பலரும் இதற்கு வண்டியிலிருந்து எடுத்த கழிவு ஆயிலைத்தான் பூசுகிறார்கள். எரிந்த ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் சேர்ந்திருக்கும் என்பதால், வெறுங்கையால் நாள்தோறும் பிடிக்கும் கருவிகளுக்கு அதை நான் விரும்புவதில்லை. மண்வெட்டிக்குப் புது மெஷின் ஆயிலும், மாட்டுக்குத் தழை வெட்டும் கொடுவாளுக்குத் தேங்காய் எண்ணெயும் போதுமானவையாக இருக்கின்றன.

துரு போன பிறகுதான் கருவியின் வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், உண்மையான நிலை தெரியும். கோடாரியின் வாய் ஓரத்தில் நீல நிறம் ஓடியிருந்தது. ஊர்ப் பட்டறை ஆசாரியிடம் காட்டியதும், “இது மிஷின்ல புடிச்சதுங்க, வாய் நீலம் பாஞ்சிருச்சு. காய்ச்சி அடிச்சாத்தானுங்க நிக்கும்” என்றார். கிரைண்டரின் வேகத்தில் மெல்லிய வாய் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் அந்த நீலம் தோன்றும். அதற்குள் எஃகின் கடினம் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அவர் அதை உலையில் பழுக்கக் காய்ச்சி, வாயைத் தட்டி மெலிதாக்கி, நுனியை மட்டும் தண்ணீரில் தோய்த்துக் கொடுத்தார். அந்த வேலைக்கு அவர் கேட்ட கூலி அவருடைய கைத்திறனுக்கு மிகவும் குறைவு என்பதே என் எண்ணம். எங்கள் சுற்றுவட்டாரத்தில் இப்படிப்பட்ட பட்டறைகள் அருகிவருகின்றன. புதுக் கோடாரி வாங்குவதற்கு முன் பழையதை ஒருமுறை பட்டறைக்குக் கொண்டுபோங்கள் என்று நண்பர்களிடம் வலியுறுத்திச் சொல்லிவருகிறேன்.

இடைக்காலக் கூர்மைக்கு அரமே போதும். அரத்தின் பற்கள் முன்னோக்கித் தள்ளும்போது மட்டுமே வெட்டும். பின்னுக்கு இழுக்கும்போது அழுத்தினால் பற்கள்தான் மழுங்கும். சுண்ணக்கட்டியை அரத்தின் மேல் முதலில் தேய்த்துக்கொண்டால் இரும்புத் துகள் பற்களுக்கிடையே அடைத்துக்கொள்வதில்லை. மண்வெட்டிக்கு ஒரு பக்கச் சரிவும், கோடாரிக்கு இரு பக்கமும் சமமான சரிவும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிடிகளைப் பொறுத்தவரை, தோப்பு ஓரத்தில் விழுந்த கருவேல மரத்தின் கிளையை நிழலில் உலரவைத்துப் பயன்படுத்தினேன். மரத்தின் நார் ஓட்டம் பிடியின் நீளத்துக்கு நேராக, குறுக்கே எங்கும் வெட்டுப்படாமல் ஓட வேண்டும் என்பது ஒன்றே முக்கியம். ஆடும் பிடியை வாளித் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் எங்கும் உண்டு. ஊறிய மரம் இரும்புத் துளைக்குள் உப்பி நெரிபட்டு, காய்ந்ததும் முன்பைவிடச் சுருங்கிவிடுவதால், அடுத்த வாரம் பிடி இன்னும் தளர்வாக ஆடும். நல்ல ஆப்பு அடித்து, ஆளி விதை எண்ணெயை மெல்லிய பூச்சாகச் சில முறை தேய்ப்பதே நிலையான தீர்வு. அந்த எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும் வகை. தேங்காய் எண்ணெய் அப்படி இறுகுவதில்லை. ஆனால் இறுகும்போது வெப்பம் உண்டாவதால், எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே தீப்பற்றக்கூடும். துணியை விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுகிறேன்.

பிரஷ் கட்டர்தான் அதிகக் கவனத்தைக் கேட்டது. இரண்டாம் கையாக வந்த டூ ஸ்ட்ரோக் இயந்திரம் அது. மழைக்காலம் முழுவதும் எரிபொருளோடு கிடந்தது. காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டால் புறப்படும், சோக்கைத் திறந்ததும் அணைந்துவிடும். இந்த அறிகுறி பெரும்பாலும் எரிபொருள் போதாமையைக் காட்டுவது. எனவே பிளக்கை மாற்றிப் பார்ப்பதில் நேரம் செலவிடாமல், டேங்கின் உள்ளே தொங்கும் ஃபில்டர், எரிபொருள் குழாய், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் என்ற வரிசையில் சோதித்தேன். குழாய் விறைத்துப்போய், டேங்கில் நுழையும் இடத்தில் மயிரிழை விரிசலோடு இருந்தது. கார்புரேட்டரைத் திறந்தபோது, ஊசி வால்வை இயக்கும் டயாப்ரம் என்ற மெல்லிய சவ்வு கெட்டியான தாளைப் போல் மடங்க மறுத்தது. அது மென்மையாக இருந்தால்தான் இன்ஜினின் உறிஞ்சலுக்கு ஏற்ப அசைந்து ஊசியைத் திறந்துவிடும். உள்ளே இருந்த சிறு வலையிலும் பழைய பெட்ரோலின் பிசின் படிந்திருந்தது.

எரிபொருள் இப்போது முன்புபோல் இல்லை என்பதையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். 2022-இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 10 விழுக்காட்டைத் தொட்டது. 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 முதல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் உராய்வைக் குறைக்கப் பெட்ரோலில் கலக்கும் டூ டி ஆயில், மேலேயுள்ள பெட்ரோலோடு நின்றுவிடுகிறது. ஃபில்டர் உறிஞ்சுவதோ அடியில் இருப்பதை. ஆயில் இல்லாத அந்தக் கலவை பிஸ்டனுக்குப் போனால் சிலிண்டர் உராய்ந்து போகும். தினமும் ஓடும் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் இப்படித் தேங்க வாய்ப்பு குறைவு. மாதக்கணக்கில் தொங்கும் பிரஷ் கட்டருக்குத்தான் இது பெரிய ஆபத்து.

புது டயாப்ரமும் கேஸ்கெட்டும் அடங்கிய பழுதுபார்ப்பு கிட் சில நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. சரிசெய்யும் திருகுகளைக் கழற்றுவதற்கு முன், அவை முழுதும் உட்காரும்வரை எத்தனை சுற்று போகின்றன என்று எண்ணி எழுதிக்கொண்டதால், திரும்ப மாட்டும்போது தடுமாற்றம் இல்லை. சைலன்ஸரைக் கழற்றியபோது புகை வெளியேறும் துளையில் கரி கெட்டியாகப் படிந்திருந்தது. பிஸ்டனை மேலே ஏற்றித் துளையை மறைத்துக்கொண்டு, கரி உள்ளே விழாதபடி மரக்குச்சியால் சுரண்டினேன். இரும்பால் சுரண்டினால் பிஸ்டனில் கீறல் விழும். பிளக்கின் இடைவெளியை, அதை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து 0.6 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். எல்லாம் மாட்டிய பிறகு, ப்ரைமர் குமிழை அழுத்திக் கயிற்றை இழுத்ததும் இயந்திரம் புறப்பட்டு, சோக்கைத் திறந்த பின்னும் சீராக ஓடியது. நன்கு ஓடிய பிறகு பிளக்கை எடுத்துப் பார்த்தால் நுனி உலர்ந்து செம்பழுப்பாக இருந்தது. கலவை சரியாக இருப்பதற்கு அதுவே நம்பத் தகுந்த அடையாளம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்து எண்ணெய்ப் பசையோடு இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம்.

ஆயில் அளவைக் கண் மதிப்பில் ஊற்றுவதை எங்கள் தோட்டத்தில் நிறுத்திவிட்டோம். இயந்திரத்தின் கையேடு 50-க்கு 1 என்று சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர், 25-க்கு 1 என்றால் 40 மில்லிலிட்டர். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசிக் குழல் இதற்குப் போதும். ஒரு மாதத்துக்குள் தீருமளவே கலக்கிறேன். வேலை முடிந்து நீண்ட நாள் வைக்கும்போது டேங்கைக் காலிசெய்து, கார்புரேட்டரில் மிஞ்சியதும் எரிந்து தானாக அணையும்வரை ஓடவிட்டு, பிறகே ஆணியில் மாட்டுகிறேன்.

பிளேடின் பக்கம் இரண்டு செய்திகள் இருக்கின்றன. கியர் பெட்டிக்கு 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் நிலையைப் பார்க்க வேண்டும். முழுதும் திணித்தால் சூடாகும், பாதிக்குச் சற்று மேலே போதுமானது. பிளேடைப் பிடிக்கும் நட் பெரும்பாலான இயந்திரங்களில் இடது மரை கொண்டது; வழக்கமான திசையில் திருகினால் இன்னும் இறுகும். இதை அறியாமல் நீளக் குழாய் மாட்டித் திருகி மரையை முறித்தவர்கள் உண்டு. பிளேடில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அதை வெல்டிங் வைக்காமல் தூக்கிப் போட வேண்டும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று வேகத்தில் அது உடைந்து பறந்தால் பக்கத்தில் நிற்பவரின் கால் போய்விடும்.

கொட்டகையிலும் சில மாற்றங்கள் செய்தேன். உர மூட்டைகள், குறிப்பாகப் பொட்டாஷ், வேறு அறைக்குப் போய்விட்டன. அதிலுள்ள குளோரைடு ஈரத்தை ஈர்த்து, அருகிலுள்ள இரும்பை மிக வேகமாக அரிக்கும். தரையில் சாத்திவைத்தவை எல்லாம் இப்போது சுவரில் அடித்த மர முளைகளில் தொங்குகின்றன.

மீதமிருப்பது கிணற்றடியில் நிற்கும் 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். 1990-இல் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசமான பிறகு எங்கள் கிணற்றில் மின் மோட்டார் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது, இன்ஜின் ஒதுங்கியது. சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் ஃபிளைவீல் தடையில்லாமல் சுழல்கிறது, ஆகவே பிஸ்டன் பிடித்துக்கொள்ளவில்லை. எஞ்சின் ஆயிலை மாற்றியாயிற்று. டீசல் பம்பின் நட்டைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் வரும்வரை ஏர் லாக் (குழாயில் அடைத்த காற்று) எடுத்துப் பார்த்ததில், பம்ப் வேலை செய்வதும் தெரிந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானது என்பதால் சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர் உறைக்குள் சுண்ணாம்புப் படிவு ஏறியிருக்கிறது. அதை நீக்காமல் ஓட்டினால் சூடேறிவிடும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஹெட்டைக் கழற்றி அந்தப் படிவை எடுத்துவிட்டு, புது கேஸ்கெட்டோடு மாட்டி ஓட்டிப் பார்ப்பதாக இருக்கிறேன்.